முப்பத்தொரு லீவு லெட்டர்

மேசைமேல் முப்பத்தொரு லீவு லெட்டர்களைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்திருந்தார் வெங்கிடராமன். முப்பத்தொன்றையும் எழுதியது ஒரே கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரியான சங்கரி, எதிரே நாற்காலி இருந்தும் உட்காராமல், சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், காயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பழைய கட்டடம் அது. கீழே கிடங்கு, மாடியில் ஆபீஸ். கிடங்கில் அறுபத்திரண்டு பெண்கள் வரிசையாகக் குந்தி சுக்கும் ஜாதிக்காயும் தரம் பிரிப்பார்கள். அவர்களில் யாரையும் மாடிக்குச் சும்மா கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் ஒன்று வீட்டுக்கு அனுப்ப, இல்லாவிட்டால் மிரட்ட. பதினோரு வருஷத்தில் சங்கரி இந்தப் படியேறுவது இது இரண்டாவது முறை. முதல் முறை வேலையில் சேர்ந்த அன்று.

"உக்காரு. பேடிக்கண்டாம், பயப்பட வேண்டாம்" என்றார் வெங்கிடராமன். கம்பெனியில் ஆட்களைக் கவனிக்கிற மேனேஜர். பாலக்காட்டுக்காரர். தமிழ் பேசுவார் என்ற ஒரே காரணத்துக்காகக் கீழே இருந்த தமிழ்ப் பெண்கள் அவரை நம்பினார்கள். தமிழ் பேசுகிறவர் கழுத்தறுக்க மாட்டார் என்று இவர்களுக்கு யார் சொன்னதோ தெரியவில்லை.

"இதெல்லாம் ஆரு எழுதினது?"

"நாந்தான் சார்."

"முப்பத்தொண்ணும்?"

"ஆமா சார். அவங்களுக்கு மலையாளம் எழுத வராது. நான் இங்கயே பள்ளுருத்தியில படிச்சவ. அதான்..."

அவர் ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். நெருங்கிய உறவினர் இறந்துவிட்டபடியால் திங்கட்கிழமை ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று அதில் இருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதிலும் அதேதான்.

"ஒரு புள்ளி மாறலை பாரு. நம்ம ரோல்ல எத்தனை பேர்? அறுபத்திரெண்டு. அதுல பாதி எத்தனை?"

சங்கரி தலைப்பை விரலில் இன்னும் இறுக்கிச் சுற்றினாள். பத்தாம் வகுப்பு வரை படித்தவளுக்குப் பாதி தெரியாமலா போகும்? தெரிந்ததுதான் தொல்லை.

"புதுச் சட்டம் வந்தது தெரியுமோ? பாதிப் பேரோ அதுக்கு மேலயோ பேசி வெச்சுண்டு ஒரே நாள்ல லீவு எடுத்தா அதுக்குப் பேரு லீவு இல்லை. ஸ்ட்ரைக். ஸ்ட்ரைக் பண்ணணும்னா பதினாலு நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். கொடுத்தேளா?"

"கேதத்துக்குப் போனோம் சார். மாயம்மா செத்துப்போச்சு."

"சாகப் போறவ பதினாலு நாள் முன்னாடி சொல்லிண்டு சாக மாட்டான்னு எனக்கும் தெரியும்." தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார். "சட்டம் அதைக் கேக்காது. நோட்டீஸ் இல்லாத ஸ்ட்ரைக் குத்தம். ஃபைன் போடலாம். ஒரு மாசம் உள்ளேயும் வைக்கலாம். தூண்டிவிட்டவாளுக்கு ஃபைன் இன்னும் ஜாஸ்தி."

'உள்ளே' என்ற சொல்லை அவர் சாயாவுக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்பதுபோல் மெதுவாகத்தான் சொன்னார். அதுவரை நின்றிருந்த சங்கரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் டைப் செய்த தாள் ஒன்றை அவள் பக்கம் தள்ளினார். மலையாளத்தில் இருந்தது. இந்தக் கடிதங்களை எல்லாம் யூனியன் செயலாளர் கமலாக்ஷி சொல்லித்தான் எழுதினேன், நிர்வாகத்தோடு நடக்கவிருக்கும் பேச்சுவார்த்தைக்கு முன்னால் பயமுறுத்துவதற்காக அவர் இப்படிச் செய்யச் சொன்னார் என்று எழுதி, அடியில் சங்கரியின் பெயரையும் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"கமலாக்ஷி சேச்சி ஒண்ணும் சொல்லல சார்."

"லெட்டரை எல்லாம் ஆபீஸ்ல கொண்டு கொடுத்தது ஆரு? அவதானே? சனிக்கிழமை பதினொரு மணி வரைக்கும் யோசி. இதுல ஒப்பு போட்டா நீ சாட்சி. போடலைன்னா எழுதின கை உன்னோடது, தூண்டிவிட்டவளும் நீதான்."

அன்று வியாழக்கிழமை.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். சங்கரன்கோவில் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து நாற்பது வருஷத்துக்கு முன்னால் மட்டாஞ்சேரிக்கு வந்த முதல் பெண் மாயம்மாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்துத்தான் கிடங்குக்குள் நுழைந்தார்கள். சுக்குத்தூள் நெஞ்சில் ஏறி, இரண்டு வருஷமாக வேலைக்கு வராமல் இருமிக்கொண்டு கிடந்தவள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். உடம்பை ஊருக்குக் கொண்டுபோவது என்று ஆயிற்று. அவளால் பிழைத்தவர்கள் அவளுடைய நீர்மாலைச் சடங்குக்கு ஒரு செம்புத் தண்ணீர் எடுக்காமல் இருப்பது அந்த ஊர்க்காரர்களிடம் நடக்காத காரியம். போகாதவள் வீட்டில் பெண் எடுக்கக்கூட யோசிப்பார்கள்.

வேன் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பள்ளுருத்தி சந்தில் சங்கரியின் வீட்டு வாசலில் பெண்கள் அவரவர் பெயரைச் சொல்லிக்கொண்டு முட்டி மோதினார்கள். மகளின் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, தண்ணீர் டிரம்மின் மூடிமேல் வைத்து எழுதினாள் சங்கரி. பத்தாவது லெட்டரிலேயே விரல் வலித்தது. வேறு வேறு வார்த்தை போட்டு எழுதலாமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. சாவு ஒன்றுதானே, அதை முப்பத்தொரு விதமாக எப்படிச் சொல்வது?

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், கடைசி லெட்டர் வீரலட்சுமிக்கு எழுதியது. இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் வீரலட்சுமிக்கும் அவளுக்கும் எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. தெருக்குழாயில் சங்கரியின் டிரம்மைக் காலால் தள்ளிவிட்டு, "எழுதப் படிக்கத் தெரிஞ்சா தண்ணியும் முதல்ல வேணுமோ, திமிரு பிடிச்சவ" என்று வீரலட்சுமி கத்த, சங்கரி பதிலுக்குக் கத்த, அன்றோடு முகம் பார்ப்பது நின்றுபோயிற்று. அன்றும் அவள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, நடுவில் நின்ற பாண்டிச்செல்வியிடம்தான் சொன்னாள்: "எனக்கும் ஒண்ணு எழுதணும்னு அவகிட்ட சொல்லுட்டி." சங்கரி பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தாள். மனசில் இருந்த கடுப்புக்கு அதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தால் முப்பதோடு நின்றிருக்கும். முப்பது என்றால் பாதிக்கு ஒன்று குறைவு. ஸ்ட்ரைக் என்ற பேச்சுக்கே இடமில்லை. நல்ல மனசு காட்டப் போய் வந்த வினை இது என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

லெட்டர்களைக் கொடுக்க ஆள் வேண்டுமே. போகிற வழியில் சுள்ளிக்கல்லில் வேனை நிறுத்தி, கமலாக்ஷி சேச்சியின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். சேச்சி திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் கொடுத்தாள். அவள் செய்தது அது மட்டும்தான்.

கமலாக்ஷிக்கு ஐம்பத்தேழு வயது. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. அவள்தான் அந்த யூனியனை ஆள் ஆளாகச் சேர்த்துக் கட்டியவள். மூக்குக்கு நல்ல மாஸ்க், தாழ்ப்பாள் உள்ள கக்கூஸ், கூலி உயர்வு என்று கோரிக்கை எழுதிக் கொடுத்து, பேசுவதற்கு இருபதாம் தேதி என்று நாளும் வாங்கியிருந்தாள். பதினோரு வருஷத்தில் கம்பெனி பேச ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கப் படியில் அவளிடம் சங்கரி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"கரையாதே மோளே" என்றாள் கமலாக்ஷி. தமிழ்ப் பெண்களோடு உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு ஒரு கலப்புத் தமிழ் வந்திருந்தது. "இந்தச் சட்டம் இவிடெ நம்ம ஸ்டேட்டில நடப்பாகாதுன்னு எல்லாரும் சொன்னா. நானும் விஸ்வசிச்சு. பக்ஷே டெல்லியில பாஸாயிட்டதல்லே. கம்பெனி கோர்ட்டுக்குப் போனா கோர்ட்டு டெல்லிச் சட்டத்தைத்தான் நோக்கும்."

"நான் ஒப்பு போட்டா உங்களுக்கு என்ன ஆகும் சேச்சி?"

கமலாக்ஷி டிபன் மூடியை அழுத்தி மூடினாள். மூடிய பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தாள். "எனிக்குக் கேஸ் வரும். யூனியன் போகும். இருபதாம் தேதி பேச்சும் இல்ல." டிபனை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "உனக்கு ரெண்டு குட்டிகள் உண்டு. போடு என்னும் சொல்ல மாட்டேன், போடாதே என்னும் சொல்ல மாட்டேன்."

போடாதே என்று சேச்சி ஒரு வார்த்தை அதட்டியிருந்தால் சங்கரிக்குக் கோபமாவது வந்திருக்கும். இப்படி விட்டுவிட்டது பயத்தைக் கூட்டிவிட்டது. மூடிய டிபனைச் சேச்சி இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதை அவள் பார்த்துவிட்டாள். முப்பது வருஷம் கொடி பிடித்தவளுக்கே பயம் என்றால் நான் எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மாடியிலிருந்து கூப்பிடத் தொடங்கினார்கள். ஊருக்குப் போய்வந்த பெண்களை ஒவ்வொருத்தியாக. பாண்டிச்செல்வி முதலில் போனாள். பத்து நிமிஷத்தில் இறங்கி வந்து முறத்தை எடுத்துக்கொண்டு, என்றும் சங்கரிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், அன்றைக்கு நாலு ஆள் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். சங்கரி "என்ன கேட்டாங்கக்கா?" என்றாள். பாண்டிச்செல்வி கேட்காதவள்போல் சுக்கைப் புடைத்தாள். அடுத்தவள் போனாள், வந்தாள், அவளும் தள்ளி உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் சங்கரியைச் சுற்றி ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம் காலியாகிவிட்டது.

வீரலட்சுமியைக் கூப்பிட்டபோது சங்கரி தலையைத் தூக்கவில்லை. மற்றவர்களாவது பயந்து சொல்லியிருப்பார்கள், இவள் சந்தோஷமாகவே சொல்லுவாள் என்று நினைத்துக்கொண்டாள். அவள் மாடியில் அரைமணி நேரம் இருந்தாள். தன்னைப் பற்றிக் குறைப் பட்டியல் போட்டுச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகும்தான். இறங்கி வந்தவள் முகம் சிவந்திருந்தது. யாரையும் பார்க்காமல் தன் இடத்தில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தாள்.

வீட்டில் இசக்கிராஜா ஒரே பிடியாக நின்றான். சங்கரியின் புருஷன். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவன், மழைக்காலத்தில் மூன்று மாதம் வீட்டில் உட்காருகிறவன்.

"கோட்டிக்காரி மாதிரி யோசிச்சிட்டு இருக்காத. ஒப்பு போட்டுட்டு வா. அந்தச் சேச்சிக்கு மலையாளத்தாளுங்க ஆயிரம் பேரு வருவாங்க. நீ உள்ள போனா எவன் வருவான்? நம்ம எங்க இருந்து வந்தவங்கன்னு மொதல்ல கேப்பான்."

"நான் இங்க பொறந்தவ."

"அத ஸ்டேஷன்ல சொல்லு" என்றான் அவன். சொல்லிவிட்டு, சொன்னது அதிகம் என்று தோன்றியதோ என்னவோ, எழுந்து போய்விட்டான்.

சந்து முனையில் ஆட்டோ நின்றாலும் போலீஸ் ஜீப்பாக இருக்குமோ என்று அவள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். மகளின் நோட்டில் டீச்சருக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பேனாவை எடுத்தாள். எழுத முடியவில்லை. தன் எழுத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. "நீயே எழுதிக்கோ" என்று மகளிடம் நோட்டைத் தள்ளிவிட்டாள்.

சனிக்கிழமை கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டாள். போட்டுவிடுவது. சேச்சியிடம் என்ன சொல்வது என்று மட்டும் வழி நெடுக யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவோம், எட்டு மாதத்தில் அவள் போய்விடுவாள் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு படியேறினாள்.

பேனாவை அவளே கேட்டு வாங்கினாள். வெங்கிடராமன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவர் அதோடு விட்டிருக்கலாம். ஜெயித்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காதே.

"நீ புத்திசாலி. மாட்டேன்னு நின்னிருந்தாலும் ஒண்ணும் பிரயோஜனமில்லை. இதைப் பாரு" என்று இன்னொரு தாளை எடுத்து முன்னால் வைத்தார்.

சங்கரி படித்தாள். எங்களுக்குப் படிக்கத் தெரியாது, லீவு லெட்டரில் என்ன எழுதியிருந்தது என்றும் தெரியாது, சங்கரி எழுதிக்கொண்டு வந்து நீட்டினாள், நாங்கள் நம்பிக் கையெழுத்துப் போட்டோம். இவ்வளவுதான் விஷயம். கீழே ஒன்றிலிருந்து முப்பது வரை எண் போட்டு, எதிரே கையெழுத்துகள்.

அந்தக் கையெழுத்துகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். பாங்கில் கைநாட்டு வைத்தால் கிளார்க் முகம் சுளிக்கிறான் என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் இவர்கள் வந்து நின்றபோது, ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார வைத்துப் பெயர் எழுதப் பழக்கியவள் அவள்தான். பாண்டிச்செல்விக்கு மட்டும் இரண்டு மாதம் ஆனது. அந்தப் பாண்டிச்செல்வியின் பெயர் முதல் வரியில், கோணாமல், சுழி பிசகாமல் இருந்தது. சங்கரி அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கீழே இறங்கினாள்.

பதினேழாம் எண்ணுக்கு எதிரே ஒன்றுமில்லை.

"இது யாரு சார்?"

"அதுவா? வீரலட்சுமின்னு ஒரு கிறுக்கு. அரைமணி நேரம் சொன்னேன். பேனாவைத் தூக்கி மேசையில எறிஞ்சுட்டுப் போயிட்டா. திங்கக்கிழமை போட வெச்சுடலாம்."

சங்கரி அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் உயிரையே வைத்திருந்த இருபத்தொன்பது பேர் போட்டுவிட்டார்கள். முகத்தைக்கூடப் பார்க்காதவள் போடாமல் போயிருக்கிறாள். புருஷன் இல்லாதவள், இந்த வேலையை விட்டால் வேறு போக்கில்லாதவள். அவளுக்குப் பயமே கிடையாதா? இல்லை, என்னைவிட அதிகமாகப் பயந்துகொண்டேதான் எறிந்தாளா?

பேனா இன்னும் சங்கரியின் கையில்தான் இருந்தது. அதை மேசையில் வைத்தாள். எறிகிற தைரியமெல்லாம் அவளுக்கு இல்லை. சத்தம் வராமல் வைத்தாள்.

"கமலாக்ஷி சேச்சி சொல்லி நான் எழுதல சார்." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"பின்னே ஆரு சொல்லி எழுதினே?"

"மாயம்மா செத்துச்சு சார். அதான் எழுதினேன்."

வெங்கிடராமன் கோபப்படவில்லை. தாள்களை அடுக்கி ஃபைலுக்குள் வைத்தார். "சரி. போ" என்றார். அவர் அதுவரை பேசிய எல்லாவற்றையும்விட அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவள் பயந்தாள். படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வேலையிலிருந்து வந்து சேலைகூட மாற்றவில்லை, அக்கம்பக்கத்தில் வாங்கி வைத்திருந்த ரிஜிஸ்டர் தபாலை இசக்கிராஜா நீட்டினான். வேலையை விட்டு ஏன் நீக்கக்கூடாது, சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குத் தூண்டியதாக ஏன் வழக்குத் தொடரக்கூடாது, ஏழு நாளில் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். இசக்கிராஜா திட்டுவான் என்று காத்திருந்தாள். அவன் திட்டவில்லை. காலண்டரைப் பார்த்து ஏழு நாளை விரல் விட்டு எண்ணினான். பிறகு தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

வாசலில் நிழல் தட்டியது. வீரலட்சுமி. கையில் அதேபோல் ஒரு ரிஜிஸ்டர் கவர். எட்டு மாதத்தில் முதல் முறையாக, நடுவில் வேறு யாரும் இல்லாமல் நின்றாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?" என்றாள், நேராகச் சங்கரியைப் பார்த்து.

சங்கரி வாங்கிப் படித்தாள். தூண்டியது என்ற வரி மட்டும் இதில் இல்லை. மற்றதெல்லாம் அப்படியே. மெதுவாக ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். கேட்கக் கேட்க வீரலட்சுமியின் கை கதவு நிலையைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"உள்ள போடுவானோ?"

"தெரியலக்கா. போடலாம்னு சட்டத்துல இருக்காம்." சங்கரிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "நீங்க ஏன் போடல? எல்லாரும் போட்டுட்டாங்களே. போட்டிருந்தா உங்களுக்கு இது வந்திருக்காதுல்லா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதியிருக்கான். அது நெசம். அதுக்கு வேணா போட்டிருப்பேன்." வீரலட்சுமி மூச்சு வாங்கினாள். "லெட்டர்ல என்ன இருக்குன்னே தெரியாதுன்னு வாசிச்சான் பாரு. அது எப்படி? இந்த வாசல்ல நின்னு நாந்தான எழுதச் சொன்னேன்? உங்கூட எனக்குச் சண்டதான். அதுக்காக மாயம்மா சாகலன்னு ஒப்பு போடுவனா?"

சங்கரி ஓரமாக நகர்ந்து உள்ளே வரச் சொன்னாள். வீரலட்சுமி வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"பதில் எழுதணும்னியே. எழுது."

"நான் எழுதுனா இதுவும் அதே எழுத்துன்னு பிடிச்சுக்குவாங்கக்கா. ரெண்டு பேரும் பேசி வெச்சு எழுதுனதுன்னு சொல்லுவாங்க. வேற யாராவது..."

"வேற யாரு இருக்கா?"

வேறு யாரும் இல்லைதான். சங்கரி மகளின் நோட்டிலிருந்து தாளைக் கிழித்தாள். மலையாளத்தில் தேதியைப் போட்டாள். முதல் வரி மேலும் கீழுமாக ஓடியது. ஃபேன் காற்றில் தாள் பறக்க, வீரலட்சுமி அதன் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.  சங்கரி எழுதி முடித்தாள். மாயம்மாள் எங்களை வேலைக்குச் சேர்த்துவிட்டவள், அவள் இறந்ததால் போனோம், யாரும் சொல்லிப் போகவில்லை.

வாசித்துக் காட்டினாள். வீரலட்சுமி இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு பேனாவை வாங்கி, சங்கரி முன்பு பழக்கிய அதே வரிசையில், ஒவ்வொரு எழுத்துக்கும் நிறுத்தி நிறுத்தித் தன் பெயரை எழுதினாள். கடைசி எழுத்தில் கொஞ்சம் மை கொட்டியது. துடைக்கப் போனவளைச் சங்கரி தடுத்தாள்.

வீரலட்சுமி எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"குழாயில உன் டிரம்முதான் முன்னால வெச்சிருக்கேன். நெறஞ்சிரும், வந்து எடு" என்றாள்.